எண்ணும் முறையும் எண்ணப்படாதவரும்

அறஞ்செய்தல் ஒன்று, செய்த அறம் பயன்பட்டதோ என்று ஆராய்தல் பிறிதொன்று. உழவன் தான் விதைத்தது எத்துணை மடங்கு விளைந்தது என்பதைக் களத்தில் மரக்காலால் அளந்து அறிகின்றான். வணிகன் ஆண்டிறுதியில் ஐந்தொகை கட்டி ஊதியமும் இழப்பும் காண்கின்றான். பொதுநலத் தொண்டர் மட்டும் இத்தகைய அளவைக்கு உட்படாது நிற்றல் நெடுநாளைய வழக்கமாய் இருந்தது. "அன்பினாற் செய்தோம், அதனை அளப்பானேன்?" என்பது அவர்தம் கூற்று. அன்பு நல்லதே, ஆயின் தான் யாரைச் சென்று அடையவில்லை என்று உசாவாத அன்பு பாதி அன்பேயாகும். நோயுற்ற மகவுக்கு மருந்தூட்டிய தாய் அவ்வளவில் அமைந்து உறங்குவதில்லை. நள்ளிரவில் எழுந்து அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றாள். அங்ஙனம் தொட்டுப் பார்த்தலே ஆராய்ச்சியின் தொடக்கம்.

ஆராய்தல் வேண்டும் என்பதில் இக்காலத்து ஐயமில்லை. அரசினரும் திருச்சபையாரும் தொண்டு நிறுவனத்தாரும் தாம் நடத்தும் நலவாழ்வுப் பணிகளைக் குறித்து ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றனர். ஐயம் எழுவது அக்கணக்கைத் திரட்டும் வழியைப் பற்றியே. பதிவேட்டைப் புரட்டித் திரட்டலாம். வீடுதோறும் சென்று திரட்டலாம். வினாத்தாளைக் கையிற்கொண்டு கேட்டுத் திரட்டலாம். உடலை ஆய்ந்து திரட்டலாம். ஊரவரோடு அமர்ந்து அவர் கூறுவதைச் செவிமடுத்துத் திரட்டலாம். இவற்றுள் எது சிறந்தது என்று வினவுவார் பலர். அவ்வினா முற்றும் பொருந்துவதன்று என்பது எமது கருத்து. ஒவ்வொரு முறையும் ஒரு கண். ஒவ்வொரு கண்ணுக்கும் எட்டாத மூலை ஒன்று உண்டு. ஆதலின் முறையைத் தெரிந்தெடுப்பார் முதற்கண் கேட்கவேண்டுவது, "இம்முறையால் யாரைக் காணாது விடுவோம்?" என்பதேயாம். இதனைத் தொழுநோய்ப் பணியின் வரலாறு கொண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழ்நாட்டுக்கும் கிறிஸ்தவத் தொண்டுக்கும் நெருங்கிய உறவுடைய பணி அது. முறை மாறினாற் கணக்கு மாறும் என்னும் உண்மையை அதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

நோயாளரை எண்ணும் வேலையிலேயே இந்நோய்க்குத் தனியோர் இடம் உண்டு. நார்வே நாட்டிலே 1856-ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்கென ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பெற்றது. ஒரு நோய்க்கென ஒரு நாடு முழுவதற்கும் அமைந்த பதிவேடுகளுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. நோயாளர் தொகையை மட்டும் குறித்தல் அதன் நோக்கமன்று. ஒவ்வொருவரையும் பெயரோடும் ஊரோடும் பதிந்து, அவர் வாழ்நாள் முடியுங்காறும் தொடர்தலே அதன் நோக்கம். 8,000-க்கு மேற்பட்டார் பெயர்கள் அதில் ஏறின. அந்நாட்டுப் பெர்கன் நகரத்து மருத்துவர் ஹான்சன் 1873-ல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். பெயர் பெயராக எண்ணிய நாட்டிலேயே நோயின் வேரும் கண்டறியப்பட்டமை நினைத்தற்குரியது.

நம் நாட்டிலோ இப்பணி நெடுங்காலம் திருச்சபைகளின் கையில் இருந்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் சல்போன் மருந்துகளைக் கொண்டு செய்த பணி மருத்துவ உலகம் அறிந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1955-ல் அரசினரின் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றிற்று. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தை வகுத்தது. 1983-ல் நம் நாட்டுத் திட்டம் ஒழிப்புத் திட்டமாயிற்று. அதன் பயன் வியக்கத்தக்கது. 1981-ல் 10,000 பேருக்கு 57.6 என்றிருந்த நோயாளர் விகிதம் 2005 டிசம்பரில் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. பொதுநலக் கேடு என்னும் நிலையினின்று தொழுநோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. எத்தனையோ கைகளும் கால்களும் முகங்களும் உருக்குலையாது காக்கப்பட்டன. அவ்வெற்றியைக் குறைத்துக் கூறுதல் எமது கருத்தன்று.

எனினும் அந்த "ஒன்றுக்கும் கீழ்" என்னும் எண் எதனை எண்ணியது என்று கேட்டல் கடன். அஃது எண்ணியது, குறித்த ஒரு நாளிற் பதிவேட்டிற் பெயருடையராய் மருந்து பெற்றுக்கொண்டிருந்தோரை. மருந்துண்டு முடித்தவர் பெயர் ஏட்டினின்று நீங்கும். விரல் மடங்கிப்போனவரும் பார்வை மங்கியவரும் ஆயினும் அவர் அக்கணக்கில் இல்லை. நோய் தொடங்கியும் ஒருவருக்கும் காட்டாது மறைந்திருப்பவர் பெயர் ஏட்டில் ஏறவே இல்லை. அவரும் அக்கணக்கில் இல்லை. மற்றும் ஒன்று: கிருமி மிகுந்த வகையினர்க்கு முதலில் 24 மாதம் கொடுக்கப்பட்ட மருந்து, 1990-களின் பிற்பகுதியில் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. அது நன்மருத்துவம், நோயாளரின் சுமை குறைந்தது. ஆயின் ஆண்டுதோறும் ஒரே தொகையினர் புதிதாக நோயுற்றாலுங்கூட, ஒருவர் பெயர் ஏட்டில் நிற்கும் காலம் பாதியாகுமாயின், ஏட்டில் உள்ளோர் தொகையும் ஏறக்குறையப் பாதியாகும் அன்றோ? நோய் பரவுதலில் அணுவளவும் மாறுதல் இன்றியே எண் இறங்கக்கூடும் என்பது இதனாற் புலனாம்.

இதிற் பொய் ஒன்றும் இல்லை; பதிவேட்டின்மீது குற்றமும் இல்லை. எத்தனை பேருக்கு மருந்து தேவை என்னும் வினாவுக்குப் பதிவேடு செம்மையான விடை தரும். ஊரில் நோய் எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் வினாவுக்கு அதனிடம் விடையில்லை. ஒரு வினாவுக்குப் பிறந்த விடையை மற்றொரு வினாவின் தலையிற் சூட்டும்போதே பிழை பிறக்கின்றது.

மருத்துவச் சாலையில் அமர்ந்து வருவோரை எண்ணுவது ஒரு முறை. எழுந்து சென்று தேடுவது மற்றொரு முறை. 2005-க்குப்பின் பல இடங்களில் வீடுதோறும் தேடும் வழக்கம் தளர்ந்தது. 2016-ல் நோய் மிகுந்த மாவட்டங்களைத் தெரிந்தெடுத்து அரசினர் மீண்டும் வீடுதோறும் தேடச் செய்தபோது, சில நாள்களுக்குள் 30,000-க்கு மேற்பட்ட புதிய நோயாளர் வெளிப்பட்டனர். அவர்கள் அந்நாள்களில் நோயுற்றவர் அல்லர். முன்பே நம்மிடையே இருந்தவர். முறை மாறிற்று, கண்ணுக்குத் தெரிந்தனர். 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1,80,000-க்கு மேற்பட்டவர். அவருள் பாதிக்கு மேற்பட்டார் இந்தியர். நீங்கிற்று என்று நாம் மகிழ்ந்த நோயின் நிலை இது.

இவ்விடத்து அறிஞர் கைக்கொள்ளும் இரண்டு நுட்பங்களைக் குறித்தல் நலம். புதிதாகக் கண்டறியப்படுவோருள், கண்டறியும்பொழுதே கை கால் உருக்குலைந்தவர் எத்தனை பேர் என்று தனியே எண்ணுகின்றனர். அவ்வெண் மிகுமாயின், நோயை மிகப் பிந்திக் கண்டறிகின்றோம் என்பது துணிபு. சிறுவர் எத்தனை பேர் என்றும் எண்ணுகின்றனர். சிறுவரிடையே நோய் தோன்றுமாயின், அண்மைக்காலத்தும் அது பரவி வருகின்றது என்பது துணிபு. மொத்தத் தொகை ஒன்றைமட்டும் பார்ப்பார்க்கு இவ்விரண்டும் புலப்படா. நல்ல அளவை என்பது பெரிய எண்ணைத் தருவதன்று. உண்மையைக் காட்டிக்கொடுக்கும் எண் எது என்று அறிந்து அதனைத் தேடுவதே.

இனி, வீடுதோறும் செல்லும் முறையும் குற்றமற்றதன்று. பகற்பொழுதிற் செல்வார்க்கு வயலுக்கும் செங்கற்சூளைக்கும் சென்றவர் அகப்படார். ஆடவரே செல்வாராயின், மகளிர் தம் மேனியிலுள்ள தேமலைக் காட்டார். இதனை உணர்ந்தே 2016-ஆம் ஆண்டுத் தேடலில் ஒவ்வொரு குழுவிலும் பெண் ஒருவரும் ஆண் ஒருவரும் இடம்பெறுமாறு வகுத்தனர்; மகளிரை மகளிரே ஆய்தற்கு வழி பிறந்தது. எல்லாவற்றினும் பெரிய தடை அச்சம். 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல். தொழுநோயை மணமுறிவுக்கு ஏதுவாகக் கொண்டிருந்த சட்டவிதிகள் நீக்கப்பட்டது 2019-ல். நேற்றுவரை சட்டமே ஒதுக்கி வைத்த ஒருவர், இன்று வாயிலில் ஏட்டோடு நிற்கும் அயலார்க்குத் தம் முதுகைத் திறந்து காட்டுவார் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

இவ்விடத்தே தமிழ் பயில்வோராகிய யாம் சொல்லத்தக்க சில உள. கணக்கெடுப்பின் உயிர்நாடி வினா. வினாவின் உயிர்நாடி சொல். ஒரே நோயைக் குஷ்டம் என்றும், பெருவியாதி என்றும், பெருநோய் என்றும், தொழுநோய் என்றும் வழங்குகின்றோம். நம் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு முதற்சொல்லையே ஆண்டது. "உமக்குக் குஷ்டம் உண்டோ?" என்று கேட்பது வினாவன்று, வசை. "மேனியில் நிறம் வெளுத்த தேமல் ஏதேனும் உண்டோ? அவ்விடத்தில் தொட்டால் உணர்ச்சி உண்டோ?" என்று கேட்பதே வினா. பொருள் ஒன்றே, விடை வேறாகும். அயல்மொழியில் எழுதிய வினாத்தாளை அகராதி கொண்டு பெயர்த்து ஊருக்குள் எடுத்துச் செல்வோர், தாம் கேட்டது இன்னது, ஊரார் கேட்டது இன்னது என்பதை அறியாமலே திரும்புகின்றனர்.

சொல்லேயன்றி, வினாவின் அமைப்பும் விடையை மாற்றும். கழிப்பறைத் திட்டங்களின் பயனை அறிய இந்தியச் சிற்றூர்களில் நடந்து 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டிற்று. "உங்கள் வீட்டார் கழிப்பறையைப் பயன்படுத்துகின்றனரா?" என வீடு முழுவதற்கும் ஒரு வினாவாகக் கேட்டபோது ஒரு விடை வந்தது. வீட்டில் உள்ளாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவர் எங்கே செல்கின்றார், அவர் எங்கே செல்கின்றார் எனக் கேட்டபோது, வெளியிடம் செல்வோர் தொகை சுமார் 20 விழுக்காடு மிகுந்து தோன்றிற்று. வீட்டுக்கு ஒரு வினா என்பது வீட்டுத் தலைவரின் மானத்தைக் கேட்கும் வினா. ஆளுக்கு ஒரு வினா என்பது நிகழ்வதைக் கேட்கும் வினா.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அறியாதான் அறிதற்பொருட்டு வினவுவது அறியா வினா. ஆசிரியன் மாணாக்கனை ஆய்தற்பொருட்டு வினவுவது அறிவினா. ஒரு செயலைச் செய்விக்கும் கருத்தோடு வினவுவது ஏவல் வினா. இவற்றை இலக்கண வகுப்போடு மறந்துவிடுகின்றோம். நலப்பணியாளர் ஒருவர் தாம் கொடுத்த மருந்தைக் குறித்து, "நாள்தோறும் தவறாது உண்கின்றீரோ?" என்று கேட்பாராயின், வடிவில் அது வினா, கருத்தில் அஃது ஏவல். கேட்கப்பட்டவர், மருந்து கொடுத்த கைக்கு மனம் நோகலாகாது என்று, "உண்கின்றேன்" என்பார். ஏட்டில் அது விடை என ஏறும். பணி செய்தவரே பணியின் பயனைக் கேட்கும்போதெல்லாம் இத்தீங்கு நேரும். பணியாளர் பொய்யர் என்பது இதன் பொருளன்று. அவர் வாயில் அறியா வினாவும் ஏவல் வினாவாக மாறிவிடும் என்பதே பொருள். ஆதலின், மருந்து கொடுத்தவர் ஒருவராகவும் பயன் கேட்பவர் வேறொருவராகவும் இருத்தல் சால்புடைத்து.

விடையையும் அந்நூல் எட்டாக வகுத்தது. நம் வினாத்தாள்களோ பெரும்பாலும் "ஆம்", "இல்லை" என்னும் இரண்டற்கே இடம் விடுகின்றன. "மருத்துவச் சாலைக்குச் சென்றீரோ?" என்ற வினாவுக்கு, "என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்" என்பாள் ஒருத்தி, அஃது உற்றதுரைத்தல். "போனால் என் மகளின் மணம் தடைப்படும்" என்பாள் மற்றொருத்தி. அஃது உறுவது கூறல். "என்னை உள்ளே விடுவார்களோ?" என்பார் ஒரு முதியவர், அது வினாவெதிர் வினாதல். இம்மூன்றும் இலக்கணத்தாற் செம்மையான விடைகள். கணக்கெடுப்பவர் இம்மூன்றையும் "இல்லை" என்னும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டுச் செல்கின்றார். திட்டம் எதனால் பயன்படாது போயிற்று என்று காட்டவல்லவை அம்மூன்று விடைகளே. அவற்றை இழந்தபின் நூறு பக்கம் அறிக்கை எழுதினும், நோயாளர் ஏன் வரவில்லை என்பது விளங்காது. இதுபற்றியே, 1992-ல் வெளிவந்த பம்பாய்த் தொழுநோய் ஆராய்ச்சி ஒன்றில், நோயாளர் தம் நோயைக் குறித்தும் அதனால் வந்த இழிவைக் குறித்தும் தம் சொல்லிலேயே கூறுவதை ஒழுங்குபடப் பதிந்து, பின்னர் எண்ணாகவும் ஆக்கத்தக்க ஒரு முறையை அறிஞர் வகுத்தனர். கதையும் கணக்கும் பகை அல்ல என்பதற்கு அது சான்று.

கேட்டலிலேயே எல்லாம் அடங்கிவிடுமோ எனின், அடங்காது. மகாராட்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பாங், டாக்டர் அபய் பாங் முதலியோர் இரண்டு சிற்றூர்ப் பெண்களை ஆராய்ந்து 1989-ல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. 650 பெண்களை வாயாற் கேட்டபோது, மகளிர்க்குரிய நோய்த் துன்பம் உண்டு என்றவர் 55 விழுக்காட்டினர். உடலை ஆய்ந்தபோது, அத்தகைய நோய் ஒன்றேனும் உடையவர் 92 விழுக்காட்டினர். அதற்குமுன் என்றேனும் அவ்வாறு ஆய்ந்து மருத்துவம் பெற்றவர் 8 விழுக்காட்டினரே. துன்பத்தையே இயல்பெனக் கொண்டு வாழ்வோர்க்குத் துன்பம் உண்டோ என்னும் வினா விளங்குவதில்லை. மருத்துவச் சாலைக்கு வந்தாரை மட்டும் எண்ணியிருந்தால், அவ்வூர்ப் பெண்கள் நலமுடையர் என்றே முடிவு செய்திருப்போம்.

உடலாய்வே எல்லாவற்றினும் உயர்ந்தது என்றும் இதனாற் கொள்ளற்க. அதற்கு மருத்துவர் வேண்டும், மறைவிடம் வேண்டும், ஆயப்படுவாரின் உடன்பாடு வேண்டும், கண்ட நோய்க்கு மருந்தும் உடன் வேண்டும். நோயைக் கண்டு குறித்துக்கொண்டு மருந்தின்றிச் செல்வது அறமாகாது. அன்றியும், கை மரத்திருப்பதைப் பஞ்சு நுனியால் தொட்டு அறியலாம். அக்கையைப் பற்றுவார் இன்றி மனம் மரத்திருப்பதை எப்பஞ்சால் அறிவது? அதற்குத் திண்ணையில் அமர்ந்து நெடும்பொழுது செவிசாய்த்தல் ஒன்றே வழி.

ஒவ்வொரு முறையும் குறையுடையதாயின் யாது செய்வது? இதற்கு அழகியதொரு விடையை 1949-ல் சந்திரசேகரன், டெமிங் என்னும் இருவர் தந்தனர். கல்கத்தாவை அடுத்த சிங்கூர் நலவாழ்வு நிலையத்தைச் சார்ந்த ஊர்களின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு அவர்கள் வகுத்த முறை இது. ஊர்ப் பதிவேடு ஓர் ஆண்டின் இறப்புகளைத் தனியே காட்டட்டும். வீடுதோறும் செல்வோர் அப்பதிவேட்டைப் பாராமல் தனியே திரட்டட்டும். பின் இரண்டனையும் பெயர் பெயராக ஒத்துப்பார்க்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு: பதிவேட்டில் 80, வீட்டுக் கணக்கில் 90, இரண்டிலும் காணப்படுவன 72 என்று கொள்வோம். வீட்டுக் கணக்கினர் கண்ட 90-ல் பதிவேடு பிடித்தது 72; அதாவது பத்தில் எட்டு. பத்தில் எட்டையே பிடிக்கும் பதிவேடு 80 காட்டிற்றாயின், உண்மையில் நிகழ்ந்தவை 100 ஆதல் வேண்டும். இரண்டு ஏட்டிலும் சேர்ந்து காணப்படுவன 98. இரண்டு கண்ணுக்கும் தப்பியவை 2. தான் காணாததையும் கணக்கிட்டுச் சொல்லும் கணக்கு இது! நம் நாட்டில் 1969-70 முதல் நாடெங்கும் நடைபெறும் மாதிரிப் பதிவுமுறை இக்கருத்தின் வழிவந்தது. ஊரிலுள்ள ஒருவர் நிகழ்வுகளை இடையறாது பதிவார். மேற்பார்வையாளர் அரையாண்டுக்கு ஒருமுறை வந்து தனியே கணக்கெடுப்பார். ஒவ்வாதவற்றை மீண்டும் ஊருக்குட் சென்று தெளிவர்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரு கண்களும் ஒரே இடத்திற் குருடாயிருத்தலாகாது. ஊர்ப் பதிவாளரும் புறத்தெருவுக்குச் செல்லார், வீட்டுக் கணக்கினரும் புறத்தெருவுக்குச் செல்லார் எனின், அத்தெருவின் சாவுகள் எந்தக் கணக்காலும் வெளிப்படா. நூல்கள் இரண்டும் அழகாக ஒத்திருக்கும். அவ்வொற்றுமையே நம்மை ஏமாற்றும். ஆகவே முறைகளை இணைப்பார், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புமாறு இணைத்தல் வேண்டும்; எளியவை இரண்டைச் சேர்த்துக்கொண்டு நிறைவடைதல் கூடாது. யாரை விடுவோம் என்னும் வினா இங்கும் தலைமை பெறுகின்றது.

எமது கருத்துக்கு எழக்கூடிய தடை ஒன்று உண்டு. எண்ணுதற்குச் செலவிடும் பொருளை மருந்துக்குச் செலவிடலாகாதோ என்பர். இத்தடையில் உண்மை உண்டு. ஊழியர்தம் நாளிற் பெரும்பகுதியை ஏடெழுதுதலே விழுங்குமாயின் அது கேடு. விடை எதுவாயினும் நம் செயல் மாறாது எனின், அவ்வினாவைக் கேளாது விடுதலே முறை. ஏழையின் பொழுதும் பொழுதே. ஆயின், யாருக்கு மருந்து சேரவில்லை என்று அறியாது வாங்கும் மருந்து, முன்பே பெற்றாரிடமே மீண்டும் சென்று சேரும். சிறிய கணக்கு போதும். அது செவ்விய கணக்காதல் வேண்டும்.

இவற்றைக் கல்லூரி இதழில் எழுதுவானேன் எனின், கூறுதும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தோன்றியது முதல், கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் சென்று முகாம் நடத்துகின்றனர். முகாம் அறிக்கைகள் பலவற்றிற் காணப்படுவன, இத்தனை பேருக்குக் கண் பார்த்தோம், இத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்னும் தொகைகள். வந்தவர் தொகை அது. வரவேண்டியவர் தொகை எங்கே? முகாமுக்கு முதல் நாளே தெருத்தெருவாகச் சென்று வீடுகளை எண்ணிவைத்தால், எந்தத் தெருவினர் வரவில்லை என்பது மாலையிலேயே தெரியும். மூன்று திங்கள் கழித்து, முகாமிற் பணிசெய்யாத வேறு சிலர் சென்று பத்து வீடுகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்துக் கேட்டால், பயன் எத்தன்மைத்து என்பது தெரியும். கணிதம் பயில்வோர் தொகையைப் பார்க்கட்டும். அறிவியல் பயில்வோர் உடல்நலத்தைப் பார்க்கட்டும். தமிழ் பயில்வோர் வினாவைத் திருத்தி, விடையை உள்ளவாறு எழுதட்டும். பெரும்பொருட் செலவின்றி நம்மால் இயலும் பணி இது.

லூக்கா சுவிசேஷத்திலே, நம் ஆண்டவர் தொழுநோயாளர் பதின்மரை நலமாக்கிய வரலாற்றை யாவரும் அறிவோம். திரும்பி வந்து நன்றி கூறியவன் ஒருவனே. அவனும் சமாரியன், புறத்தான் என்று ஒதுக்கப்பட்டவன். அந்நிகழ்ச்சியை நன்றியறிதலுக்கு எடுத்துக்காட்டாகவே கேட்டு வருகின்றோம். அதில் மற்றொன்றும் உண்டு. திரும்பி வந்தாரை மட்டும் எண்ணும் ஏட்டில், பதின்மருள் நலம் பெற்றவன் ஒருவனே எனப் பதியப்படும். உண்மையில் நலம் பெற்றவர் பதின்மர். வந்து நின்ற ஒருவனோடு ஆண்டவர் அமையவில்லை. வாராத ஒன்பதின்மரைக் குறித்து வினவினார். அவ்வினாவை வினவத் தெரிந்தார்க்கே கணக்கெடுக்கும் தகுதி உண்டு. நம் ஏடுகளில் ஏறாதவரையும் தம் ஏட்டில் வைத்திருப்பவர்க்கு நாம் கணக்கு ஒப்புவிக்கும் நாள் உண்டு என்பதை நினைந்து, எண்ணப்படாதவரைத் தேடி எழுவோமாக.